சனிக்கிழமைப் பிற்பகல்களால் வாங்கிய விடுதலை: ஜான் மெக்டொனோ பற்றி

நியூ ஆர்லியன்ஸில் சில காலம் தங்கியிருந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அந்த ஊரின் பழைய பள்ளிக் கட்டடங்கள் பலவற்றில் மெக்டொனோ என்ற பெயரும் பக்கத்தில் ஓர் எண்ணும் காணப்படுகின்றன. விசாரித்தால், அவர் அடிமைகளை வைத்திருந்த பெரும் பணக்காரர் என்கிறார்கள். அந்த அடிமைகளுக்கே எழுத்தறிவு கொடுத்து, விடுதலை செய்து, ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியவர் என்றும், சொத்தை ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு எழுதிவைத்தவர் என்றும் சொல்கிறார்கள். இவரை நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா?" நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியின் மேற்பரப்பு. உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: மனிதர்களை உடைமையாக வைத்திருப்பதும், அவர்களைப் படிக்கவைப்பதும், பிறகு கடல் கடந்து அனுப்புவதும் ஒரே மனிதரிடத்தில் எப்படிச் சேர்ந்திருக்க முடிந்தது? அதற்குத்தான் பதில் எழுத முயல்கிறேன்.

அமெரிக்க வரலாற்றைக் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்திருக்கிறேன். தென் மாநிலங்களின் அடிமை முறைதான் நான் முறையாகப் பயின்ற பகுதி. அவர்கள் அனுப்பப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் உள்நாட்டு வரலாற்றில் எனக்கு இருப்பது வாசிப்பறிவு மட்டுமே. ஆகவே அந்தப் பக்கம் வரும்போது குறைவாகவே பேசுவேன். மெக்டொனோ செய்தவை பற்றி ஆவணங்கள் நிறைய உள்ளன. அவர் ஏன் செய்தார் என்பதில் பெரும்பகுதி ஊகம். இரண்டையும் கலக்காமல் சொல்வதே என் பொறுப்பு.

ஜான் மெக்டொனோ 1779 டிசம்பரில் பால்டிமோரில் பிறந்தவர். இளம் வயதிலேயே வணிகத்தில் இறங்கி, 1800-ஐ ஒட்டி நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தார். அப்போது அது அமெரிக்காவுக்குச் சொந்தமான ஊரே அல்ல. 1803-இல் லூசியானா முழுவதையும் அமெரிக்கா விலைக்கு வாங்கிய பிறகு நிலத்தின் மதிப்பு ஏறியது. மெக்டொனோ நிலங்களை வாங்கிக் குவித்தார். பிறகு நகரத்தின் ஆடம்பர வாழ்க்கையை விட்டுவிட்டு மிசிசிப்பி ஆற்றின் எதிர்க்கரையில், தம் பெயரால் மெக்டொனோவில் என்று அழைக்கப்பட்ட இடத்தில், தனியாகவும் சிக்கனமாகவும் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊரார் அவரைக் கஞ்சன் என்றார்கள். காதல் தோல்வியால்தான் இப்படி ஆனார் என்ற கதை இன்றும் சுற்றுலா வழிகாட்டிகளின் வாயில் உலவுகிறது. அதை நிலைநாட்டும் ஆவணம் கிடையாது, ஆகையால் அதை ஒதுக்கிவிடலாம். அவருடைய செல்வத்தில் நிலத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த நிலத்தில் செங்கல் அறுத்து, சுவர் எழுப்பி, தச்சு வேலை செய்த அடிமைகளின் உழைப்புக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அவருடைய விடுதலைத் திட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை நாம் அறிவதற்குக் காரணம் அவரே: 1842-இல் நியூ ஆர்லியன்ஸ் நாளிதழ் ஒன்றில் வெளியான நீண்ட கடிதத்தில் அதை முழுக்க விளக்கி எழுதியிருக்கிறார். அடிமைகள் ஞாயிற்றுக்கிழமையில் தங்கள் சொந்தத் தேவைக்காக உழைத்து நாலு காசு சேர்ப்பது அந்த நாட்டில் வழக்கம். மெக்டொனோ பக்தியுள்ள கிறிஸ்தவர். ஓய்வு நாளில் யாரும் உழைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. எனவே ஞாயிறு வேலையைத் தடுத்து, அதற்கு ஈடாகச் சனிக்கிழமை நண்பகலுக்குப் பிறகான நேரத்தை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். அந்த அரை நாளில் அவர்கள் செய்து முடிக்கும் வேலையின் அளவைக் கண்டு வியந்தவர், 1825-ஐ ஒட்டி அவர்களைக் கூட்டி ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார். அந்தப் பிற்பகலில் எனக்காகவே வேலை செய்யுங்கள், கூலி தருகிறேன்; ஆனால் அந்தக் கூலி உங்கள் பெயரில் என் கையிலேயே சேர்ந்துவரும்; அதைக் கொண்டு உங்களை நீங்களே என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். ஆணுக்கு 600 டாலர், பெண்ணுக்கு 450 டாலர் என்று விலை குறித்தார்.

வாங்கும் முறைதான் விசித்திரமானது. வாரத்தின் ஆறு வேலை நாட்களைப் பன்னிரண்டு அரை நாட்களாக எண்ணுங்கள். அதில் ஒன்று, அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல், ஏற்கெனவே அடிமையுடையது. மீதி பதினொன்றும் எசமானுடையவை. முதலில் சனிக்கிழமையின் முற்பகலை வாங்க வேண்டும். கையில் இருக்கும் சம்பாத்திய நேரம் அரை நாள்தான் என்பதால் இந்த முதற்படிக்கு மட்டும் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று மெக்டொனோ கணக்கிட்டார். சனிக்கிழமை முழுவதும் கைக்கு வந்தபின் வெள்ளிக்கிழமையை வாங்க ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் சம்பாதிக்கலாம். வியாழன் இன்னும் விரைவில் கைக்கு வரும். இப்படி ஒவ்வொரு நாளும் முந்தையதைவிட வேகமாக, வாரத்தின் பின்கோடியிலிருந்து முன்கோடிக்கு நகர்ந்து, கடைசியில் திங்கட்கிழமையும் மீண்டுவரும்போது மொத்தம் பதினான்கு பதினைந்து ஆண்டுகள் ஓடியிருக்கும். குழந்தைகளுக்கான தொகையையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

வகுப்பில் இதை நான் விளக்கும்போது மாணவர்களிடம் ஒரே ஒரு கொத்தனாரைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்வேன். அவருக்கு இருபத்தைந்து வயது. சனிக்கிழமை நண்பகல் வரை அவர் வைத்த கல் எசமானின் கணக்கில். அதே சுவரில், அதே கரணையால், அதே சுண்ணாம்புக் கலவையில் நண்பகலுக்குப் பின் அவர் வைக்கும் கல் அவருடைய விடுதலைக் கணக்கில். ஒரு வரிசைக் கல்லுக்கும் அடுத்த வரிசைக் கல்லுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் இல்லை. முதல் ஏழு ஆண்டு முடியும்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. கையில் சனிக்கிழமை மட்டும் இருக்கிறது. எல்லா நாளும் கைக்கு வரும்போது நாற்பது. உடலில் வலு மிகுந்திருக்கும் ஆண்டுகள் அத்தனையும் அந்தச் சுவர்களுக்குள் போய்விட்டன.

இது என் கணிப்பு மட்டுமல்ல. மெக்டொனோவே அந்தக் கடிதத்தில் பெருமிதத்தோடு கணக்குக் காட்டுகிறார். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அவர்கள் முன்பு இல்லாத ஊக்கத்தோடு உழைத்தார்கள். காவல்காரரோ சாட்டையோ தேவைப்படவில்லை. தாம் அனுப்பியவர்களின் எண்ணிக்கையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆட்களை வர்ஜீனியாவிலோ கரோலினாவிலோ புதிதாக விலைக்கு வாங்கும் அளவுக்குப் பணத்தை அவர்கள் தமக்கு ஈட்டித் தந்துவிட்டார்கள் என்பது அவர் சொல்வதன் சாரம். இதை அவர் குற்ற உணர்வோடு சொல்லவில்லை. மற்ற அடிமை உடைமையாளர்களும் இதைப் பின்பற்ற வேண்டும், பின்பற்றினால் நஷ்டம் இல்லை, லாபமே என்று அவர்களை இணங்கவைப்பதற்காகச் சொல்கிறார். ஆகவே "இது தொண்டா, வியாபாரமா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. தர்மமும் லாபமும் ஒரே பாதையில் வரும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கை பாசாங்கு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதையில் நடந்த கால்கள் அவருடையவை அல்ல.

விடுதலைக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. விடுதலை பெற்றவர் அமெரிக்காவில் இருக்கக் கூடாது. லைபீரியாவுக்குப் போயாக வேண்டும். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மண்ணில் சமமாக வாழ முடியாது என்று மெக்டொனோ வெளிப்படையாகவே எழுதினார். இதில் அவர் தனித்து நிற்கவில்லை. லூசியானாவின் 1830-ஆம் ஆண்டுச் சட்டமே, விடுதலை பெறும் அடிமை மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றும், அதற்கு உடைமையாளர் 1,000 டாலர் பிணை கட்ட வேண்டும் என்றும் வற்புறுத்தியது. எனினும் மெக்டொனோவின் நிபந்தனை சட்டத்துக்குப் பணிந்ததால் மட்டும் வந்ததல்ல. சட்டத்தின்படி மாநிலத்தை விட்டுப் போனால் போதும். அவர் கேட்டதோ கண்டத்தையே விட்டுப் போவது.

இங்கே அமெரிக்கக் குடியேற்றச் சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1816 டிசம்பரில் வாஷிங்டனில் தொடங்கப்பட்ட இந்தச் சங்கத்தின் நோக்கம், சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றுவது. ராபர்ட் ஃபின்லி என்ற மதகுரு இதற்கு முன்னோடி. அடிமைகளை வைத்திருந்த ஹென்றி கிளே போன்ற பெரிய அரசியல்வாதிகள் இதில் முன்னணியில் நின்றார்கள். நாட்டின் முதல் அதிபரின் சகோதரர் மகனும் உச்ச நீதிமன்ற நீதிபதியுமான புஷ்ராட் வாஷிங்டன் முதல் தலைவர். மெக்டொனோ பின்னாளில் இதன் துணைத் தலைவர்களில் ஒருவரானார். அடிமை முறை மெல்ல ஒழிய இது வழி என்று நம்பியவர்களும் உறுப்பினர்கள். சுதந்திரக் கறுப்பினத்தவர் நாட்டில் இருப்பது தங்கள் அடிமைகளுக்குத் தவறான எண்ணத்தைக் கொடுக்கும் என்று அஞ்சியவர்களும் உறுப்பினர்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரு தரப்பும் ஒரே மேசையில் அமர முடிந்தது என்றால், அந்த மேசையில் இல்லாதவர்களைப் பற்றிய ஒரு முடிவில் அவர்கள் ஒன்றுபட்டிருந்ததே காரணம்.

இல்லாதவர்கள் மௌனமாக இருக்கவில்லை. சங்கம் தொடங்கிச் சில வாரங்களுக்குள், 1817 ஜனவரியில், பிலடெல்ஃபியாவின் பெத்தேல் தேவாலயத்தில் ஏறத்தாழ 3,000 கறுப்பின மக்கள் கூடினார்கள். பாய்மரத் துணி செய்யும் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டிய ஜேம்ஸ் ஃபோர்ட்டனும், அந்தத் தேவாலயத்தின் தலைவர் ரிச்சர்ட் ஆலனும் அதில் முக்கியமானவர்கள். தனிப்பட்ட முறையில் ஃபோர்ட்டனுக்கு ஆப்பிரிக்கக் குடியேற்றத்தில் ஓரளவு ஈடுபாடு இருந்தது. ஆனால் கூடியிருந்தவர்களில் ஒருவர்கூட அதை ஆதரித்துக் குரல் கொடுக்கவில்லை. தங்கள் முன்னோரின் உழைப்பால் செழித்த மண் இது, அடிமைப்பட்டுக் கிடக்கும் சகோதரர்களை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் போக முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். 1829-இல் கறுப்பின எழுத்தாளர் டேவிட் வாக்கரும், 1832-இல் வெள்ளையரான அடிமை ஒழிப்பு இதழாளர் வில்லியம் லாயிட் கேரிசனும் சங்கத்தை எதிர்த்துக் கடுமையாக எழுதினார்கள். ஆகவே "அந்தக் காலத்து மனிதர், அப்படித்தான் நினைத்திருப்பார்" என்று மெக்டொனோவை விட்டுவிட நான் தயங்குகிறேன். அவர் காலத்தில் மாற்றுக் கருத்து இருந்தது, அச்சில் இருந்தது, யாருடைய வாழ்க்கை பேசப்பட்டதோ அவர்களே அதைச் சொன்னார்கள்.

போன இடம் எப்படி இருந்தது? 1821-இன் இறுதியில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் மெசுராடோ முனையில் குடியேற்றத்துக்கான நிலம் வாங்கப்பட்டபோது, அமெரிக்கக் கடற்படை அதிகாரி உள்ளூர்த் தலைவரைக் கைத்துப்பாக்கி காட்டி மிரட்டித்தான் உடன்படிக்கைக்கு இணங்கவைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அங்கே எழுந்த ஊருக்கு அதிபர் மன்ரோவின் நினைவாக மன்ரோவியா என்று பெயர். 1820 முதல் 1843 வரை வந்து இறங்கிய 4,571 பேரில், 1843-இல் எடுத்த கணக்கில் உயிரோடு இருந்தவர்கள் 1,819 பேர் மட்டுமே. மலேரியாவே முதன்மையான காரணம். இவர்களில் பலர் அமெரிக்காவில் பல தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்தவர்கள். "தாய்நாடு" என்று சொல்லி அனுப்பப்பட்ட அந்தக் கரையின் காய்ச்சலுக்கு அவர்கள் உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. அந்தக் கணக்கெடுப்புக்கு முந்தைய ஆண்டில், 1842 ஜூனில், மெக்டொனோவின் ஆட்கள் ஏறத்தாழ 80 பேர் மாரிபோசா என்ற கப்பலில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து புறப்பட்டார்கள்.

இனி கல்வி. 1830-இல் லூசியானா நிறைவேற்றிய இன்னொரு சட்டத்தின்படி அடிமைக்கு எழுதவோ படிக்கவோ கற்றுக்கொடுப்பவருக்கு ஒரு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை சிறை. அந்தச் சூழலில் மெக்டொனோ தம் ஆட்களில் சிலருக்கு எழுத்தறிவு கிடைக்க வழிசெய்தார் என்பது உண்மை. அதைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. 1838-இல் அவர் இரண்டு இளைஞர்களைப் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் இருக்கும் லாஃபயெட் கல்லூரிக்கு அனுப்பினார். ஒருவர் வாஷிங்டன் வாட்ஸ் மெக்டொனோ, மற்றவர் டேவிட் மெக்டொனோ. இருவருக்கும் எசமானின் குடும்பப் பெயரே குடும்பப் பெயர். கல்லூரி அவர்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் மற்ற மாணவர்களோடு சமமாக அமரவைக்கவில்லை, தனியே தங்கவைத்துத் தனியே பாடம் சொன்னது. படிப்பு முடிந்ததும் இருவரும் லைபீரியாவுக்குப் போய், ஆசிரியராகவும் ஊழியக்காரராகவும் அங்கே பணியாற்ற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மெக்டொனோவின் மனத்தில் பள்ளி தனியாகவும் கப்பல் தனியாகவும் இருக்கவில்லை. கல்வி என்பது புறப்பாட்டுக்கான ஆயத்தம்.

வாஷிங்டன் அந்த ஏற்பாட்டின்படி நடந்தார். 1842-இல் லைபீரியாவுக்குப் போய், செட்ரா க்ரூ என்ற கடலோர ஊரில் இருந்த பிரஸ்பிட்டேரியன் மிஷன் பள்ளியில் ஆசிரியரானார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. "அன்புள்ள தந்தையே" என்றுதான் மெக்டொனோவை விளிக்கிறார். அமெரிக்காவின் எல்லா இன்பங்களையும் சேர்த்துக் கொடுத்தாலும் இந்த நாட்டை விட்டு வரமாட்டேன், கறுப்பின மனிதர் தம் சுதந்திரத்தை அனுபவிக்க முடிந்த இடம் இதுதான் என்ற பொருளில் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். மற்றக் குடியேறிகளின் கடிதங்களிலும் நன்றியும் அன்பும் இருக்கின்றன. கூடவே கருவிகளும் துணியும் விதைகளும் கேட்கும் வேண்டுகோள்களும் உண்டு. இந்தக் கடிதங்களை எப்படி வாசிப்பது என்பதில் நான் ஒரு முடிவுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. உதவிக்கு யாரை நம்பியிருக்கிறோமோ அவருக்கு எழுதும் கடிதத்தில் மனக்குறை வெளிப்படையாக வராது என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான அனுபவம். ஆனால் அதைக் காரணம் காட்டி வாஷிங்டனின் சொற்களைத் தள்ளிவிடுவதும் நியாயமில்லை. அமெரிக்காவில் அவருக்குக் கிடைக்க முடியாத ஒன்று அங்கே கிடைத்தது என்று அவரே சொல்லும்போது, அதை அவருடைய வாக்குமூலமாக ஏற்பதே முறை. அவர் மகிழ்ச்சியை நான் சந்தேகிக்கவில்லை. அந்த மகிழ்ச்சிக்காக நாட்டையே விலையாகக் கேட்ட ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்கிறேன்.

டேவிட் வேறு வழியில் போனார். அவருக்கு மருத்துவராக வேண்டும் என்ற ஆசை. ஈஸ்டனில் இருந்தபோதே ஊர் மருத்துவர் ஒருவரிடம் பயிலத் தொடங்கினார். லைபீரியாவுக்குப் புறப்படுமாறு வந்த வற்புறுத்தலுக்கு அவர் இணங்கவில்லை. மெக்டொனோ சினந்து, அவரிடமிருந்து விலகிக்கொண்டார். 1844-இல் டேவிட் லாஃபயெட் கல்லூரியின் முதல் கறுப்பினப் பட்டதாரியாக வெளியே வந்து நியூயார்க் சென்றார். இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கும் மருத்துவக் கல்லூரியில் வகுப்புகளில் அமர்ந்து கற்றார். பட்டம் மட்டும் தரப்படவில்லை. ஆனாலும் கண், காது நோய்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றி, 1893-இல் இறக்கும்வரை மருத்துவராகவே மதிக்கப்பட்டார். 2018-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு உரிய மருத்துவப் பட்டத்தை, அவர் இறந்து 125 ஆண்டுகளுக்குப் பிறகு, வழங்கியது. மெக்டொனோவின் கல்வித் தொண்டை மதிப்பிட எனக்கு டேவிட்தான் உரைகல். கல்வி கல்விக்காகவே தரப்பட்டிருந்தால், அந்த இளைஞர் மருத்துவராக விரும்பியபோது கொடையாளர் மகிழ்ந்திருக்க வேண்டும்.

உயிலுக்கு வருவோம். 1850 அக்டோபரில் மெக்டொனோ இறந்தார். 1838-லேயே தம் கையால் எழுதிவைத்த உயிலில், சொத்தின் பெரும்பகுதியை நியூ ஆர்லியன்ஸுக்கும் பால்டிமோருக்கும் பகிர்ந்து, ஏழைகளுக்கு மட்டுமான இலவசப் பள்ளிகள் அமைக்கச் சொல்லியிருந்தார். ஆண் பெண் இருபாலரும், எல்லா நிற வகுப்பினரும் அவற்றில் சேர்க்கப்பட வேண்டும் என்பது உயிலின் வாசகம். குடியேற்றச் சங்கத்துக்கும் பணம் ஒதுக்கியிருந்தார். வாரிசுகளும் லூசியானா, மேரிலாந்து மாநிலங்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1853-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உயில் செல்லும் என்று தீர்த்தது. வழக்குச் செலவும் நிர்வாகமும் தின்றது போக, இரு நகரங்களுக்கும் பல லட்சம் டாலர்கள் கிடைத்தன. நியூ ஆர்லியன்ஸில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் அந்தப் பணத்தில் எழுந்தன. கேள்வி கேட்டவர் கண்ட எண்கள் அந்த வரிசை எண்களே. எல்லா நிறத்தவருக்கும் என்ற வாசகத்தை நடைமுறைப்படுத்திய கைகள் வேறு. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகள் நீங்கலாக, நகரப் பள்ளிகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. 1900-இல் பள்ளி வாரியம் கறுப்பினக் குழந்தைகளுக்கான கல்வியை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியது. 1917-இல் மெக்டொனோ 35 தொடங்கப்பட்ட பிறகே அவர்களுக்கென்று ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி மீண்டும் வந்தது. பால்டிமோர் பக்கத்தில் 1873-இல் தொடங்கிய மெக்டொனோ பள்ளி 1959 வரை வெள்ளை மாணவர்களை மட்டுமே சேர்த்தது. இந்தக் குற்றத்தை மெக்டொனோவின் மேல் போட முடியாது. உயில் கறுப்பினக் குழந்தைகளுக்குச் சாதகமாகவே இருந்தது.

அந்த உயிலில் ஒரு சிறிய வேண்டுகோள் உண்டு: குழந்தைகள் அவ்வப்போது வந்து தம் கல்லறையைச் சுற்றிச் சில பூச்செடிகளை நட்டு நீர் ஊற்ற வேண்டும் என்பது. தனியாக வாழ்ந்த ஒரு முதியவரின் ஆசையாக இதைப் படிக்கும்போது எனக்கே மனம் இளகும். அவர் உடல் பின்னர் பால்டிமோருக்கு எடுத்துச் செல்லப்பட்டதால், 1898-இல் நியூ ஆர்லியன்ஸின் லாஃபயெட் சதுக்கத்தில் பள்ளிக் குழந்தைகளின் சில்லறைக் காசுகளும் சேர்ந்து எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் ஆண்டுதோறும் மே மாதத்தில் பூ வைக்கும் விழா நடந்துவந்தது. வெள்ளையர் பள்ளிகள் முதலில் வரிசையாக வந்து பூ வைத்து, மேயரிடம் நகரத்தின் அடையாளச் சாவியைப் பெற்றுக்கொண்டு போகும். அது முடியும்வரை கறுப்பினக் குழந்தைகள் மே மாத வெயிலில் பூவோடு காத்து நிற்க வேண்டும். 1954 மே 7 அன்று அவர்கள் வரவில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் கறுப்பின உரிமை அமைப்பினரும் சேர்ந்து விழாவைப் புறக்கணித்தார்கள். பல்லாயிரம் மாணவர்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சதுக்கத்துக்குப் போனார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதற்குப் பத்து நாள் கழித்துத்தான். 2020 ஜூனில் நகரின் மற்றொரு பூங்காவில் இருந்த மெக்டொனோவின் மார்பளவுச் சிலையைப் போராட்டக்காரர்கள் பெயர்த்து மிசிசிப்பியில் தள்ளினார்கள்.

உறுதியானவை இவை. ஊகத்தைத் தனியே சொல்லிவிடுகிறேன். மெக்டொனோ அடிமை முறையை உள்ளூர வெறுத்தாரா? வெறுத்தார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஒருவர் வெறுக்கும் முறையைப் பற்றி, அதைக் கொண்டு இரு மடங்கு ஆட்களை வாங்கலாம் என்று கணக்கெழுதி மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கமாட்டார். அவர் மெய்யான பாசம் வைத்திருந்தாரா? கடிதங்களைப் பார்த்தால் வைத்திருந்தார் என்றே படுகிறது. ஆனால் அது தந்தைக்கும் வயது வராத பிள்ளைக்கும் இடையிலான பாசம்; பிள்ளை தன் வழியைத் தானே தேர்ந்த அன்று அந்தப் பாசம் முறிந்தது. தம்முடைய ஆட்கள் கற்கவும் உழைக்கவும் தங்களைத் தாங்களே ஆளவும் வல்லவர்கள் என்பதை அந்தக் காலத்து வெள்ளை முதலாளிகளில் மிகச் சிலரே அவரைப் போல அருகிலிருந்து கண்டிருப்பார்கள். கண்ட பிறகும், அந்த வல்லமைக்கு இந்த நாட்டில் இடமில்லை என்றே அவர் முடிவு செய்தார். நல்லவரா கெட்டவரா என்று கேட்டவருக்கு என்னால் தர முடிந்த நேர்மையான பதில் இதுதான்.

கேள்வி கேட்டவர் மீண்டும் நியூ ஆர்லியன்ஸ் போனால், செயின்ட் கிளாட் அவென்யூவில் லோயர் நைன்த் வார்டு பகுதியில் இருக்கும் பழைய மெக்டொனோ 19 கட்டடத்தைப் பார்க்கட்டும். அதுவரை வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்த பள்ளி அது. 1960 நவம்பர் 14 அன்று லியோனா டேட், கெய்ல் எட்டியென், டெஸ்ஸி பிரிவோஸ்ட் என்ற மூன்று ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமிகள் கூட்டாட்சிக் காவலர்களின் பாதுகாப்போடு அந்தப் படிகளில் ஏறி வகுப்புக்குப் போனார்கள். அன்றைக்கே வெள்ளையர்கள் தங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டதால், அந்த ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் கட்டடம் முழுவதிலும் அந்த மூவர் மட்டுமே மாணவிகள். அந்தக் கட்டடம் இப்போது அவர்கள் மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து டெப் மையம் என்று அழைக்கப்படுகிறது.